தேயிலை மணமும் மின்மூக்கும்: அந்த மெஷினுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?



இரண்டு வாரத்துக்கு முன்பு நான்காம் படிவத்துக்கு ஒரு கருத்துணர்தல் பயிற்சி கொடுத்தேன். மனிதரின் மூக்கையும் நாக்கையும் போலவே வேலை செய்யும் மின்னணு உணரிகளைப் பற்றிய பனுவல். கேள்விகள் எல்லாம் வழக்கமானவைதான்: கருச்சொல்லின் பொருள் என்ன, எழுத்தாளரின் நோக்கம் என்ன, இரண்டு நன்மைகளைக் குறிப்பிடுக. மாணவர்களும் வழக்கம்போல எழுதி முடித்துவிட்டார்கள். தாளைத் திரும்ப வாங்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்.

"டீச்சர், எங்க தாத்தா பாக்டரியில முப்பது வருஷம் இலைய மோந்து பாத்துத்தான் 'போதும், அடுப்புக்கு ஏத்து'ன்னு சொல்வாராம். தாத்தாவுக்கு அவரோட மாமா சொல்லிக் கொடுத்தாரு. அந்த மெஷினுக்கு யாரு டீச்சர் சொல்லிக் கொடுத்தா?"

பனுவலில் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் அன்றைக்குச் சரியாகத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்து தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. நான் தமிழாசிரியை, அறிவியல் ஆசிரியை இல்லை. அதனால் எனக்குப் புரிந்த வழியிலேயே சொல்கிறேன். வகுப்பில் பயன்படுத்த நினைப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

தாத்தா செய்த வேலை

கேமரன் மலையில் பிறந்த பிள்ளைகளுக்குத் தேயிலை தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கொழுந்து தெரியும், கூடை தெரியும், வெட்டும் இயந்திரம் தெரியும். ஆனால் தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஆட்கள் இந்தச் சரிவுகளில் வேலை செய்திருக்கிறார்கள். மூன்று நான்கு தலைமுறைக் கதை அது. அப்படியிருந்தும் வீட்டில் தாத்தா பேசியது பாடத்துக்குள் வந்ததே இல்லை.

பறித்த கொழுந்தை முதலில் காற்றில் வாட்டுவார்கள். ஈரம் குறைந்து இலை துவண்டு போகும். பிறகு இயந்திரத்தில் போட்டு உருட்டுவார்கள், அல்லது நசுக்கி அரைப்பார்கள். இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளியே வரும். இனிதான் முக்கியமான கட்டம். அந்த ஈர இலையைப் பரப்பி வைத்துக் காற்றுப்பட விடுவார்கள். இதைத் தொழிற்சாலையில் 'புளிக்க வைப்பது' என்பார்கள். உண்மையில் இட்லி மாவு புளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாவைப் புளிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். தேயிலையில் வேலை செய்வது இலைக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி. அது காற்றிலுள்ள உயிர்வளியைப் பயன்படுத்தி, இலையிலுள்ள கேட்டெக்கின் என்ற பொருள்களைத் தியாஃபிளேவின், தியாரூபிகின் என்ற பொருள்களாக மாற்றுகிறது. பச்சை இலை செம்பு நிறமாவது இதனால்தான். தேநீருக்குப் பளிச்சென்ற நிறத்தையும் நாக்கில் ஒரு சுறுசுறுப்பையும் கொடுப்பது தியாஃபிளேவின். கருஞ்சிவப்பையும் கனத்தையும் கொடுப்பது தியாரூபிகின்.

இதை எப்போது நிறுத்துவது? சீக்கிரம் நிறுத்தினால் தேநீர் பச்சையாக, கரகரப்பாக இருக்கும். விட்டுவிட்டால் தியாஃபிளேவின் குறைந்துகொண்டே போய் நிறம் மங்கி, சுவை சப்பென்று ஆகிவிடும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தவும் முடியாது. வெயில் நாளில் ஒரு கணக்கு, பனி மூடிய நாளில் ஒரு கணக்கு. இளங்கொழுந்துக்கு ஒன்று, முற்றிய இலைக்கு ஒன்று. அதனால்தான் ஒரு மனிதர் அங்கே நின்று, ஒரு கைப்பிடி இலையை அள்ளி மூக்கருகே வைத்துப் பார்க்கிறார். முதலில் வெட்டிய புல் வாடை வரும். அது அடங்கி ஒரு பூ மணம், பழ மணம் எழும். தேயிலைத் தொழிலில் மணம் இரண்டு முறை தூக்கலாக எழும் என்பார்கள். அவற்றை 'முதல் மூக்கு', 'இரண்டாம் மூக்கு' என்றே ஆங்கிலத்திலும் அழைக்கிறார்கள். இரண்டாவது எழும் அந்த நேரத்தில் இலையை உலர்த்தும் அடுப்புக்கு ஏற்றிவிட வேண்டும். சூடு பட்டதும் நொதி செயலிழந்துவிடும். அதோடு எல்லாம் நின்றது.

பையனின் தாத்தா செய்த வேலை இதுதான். சில நிமிடங்கள் தவறினாலும் ஒரு பரப்பு இலையின் தரம் இறங்கிவிடும். விலையும் இறங்கிவிடும்.

நம் மூக்கு எப்படிச் செய்கிறது?

இயந்திர மூக்கைப் புரிந்துகொள்ள நம் மூக்கிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. மூக்கின் உட்புறத்தில், மேல் பகுதியில், ஒரு சிறு சவ்வு இருக்கிறது. அதில் நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நரம்பணுவிலும் 'ஏற்பி' எனப்படும் ஒருவகைப் புரதம் உண்டு. மனிதருக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு உண்டு. மல்லிகைக்கு ஓர் ஏற்பி, மீனுக்கு ஓர் ஏற்பி, பெட்ரோலுக்கு ஓர் ஏற்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இருந்தால் 400 மணங்களுக்குமேல் நமக்குத் தெரியாமல் போயிருக்கும். உண்மையில் ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். ஒரே ஏற்பி பல மூலக்கூறுகளுக்குப் பதில் சொல்லும். எந்தெந்த ஏற்பி எவ்வளவு பலமாகப் பதில் சொன்னது என்ற கூட்டு வடிவத்தைத்தான் மூளை 'இது மல்லிகை' என்று படிக்கிறது. எழுத்துகளைப் போலத்தான் இதுவும். 247 எழுத்துகளை வைத்து எத்தனை சொற்கள் எழுதுகிறோம்!

வகுப்பில் இதை விளக்க நான் ஒரு விளையாட்டு வைத்தேன். மூன்று மாணவர்களின் கண்ணைக் கட்டிவிட்டு, ஒரு பொருளை மோந்து பார்த்து 'எவ்வளவு தூக்கலாக இருக்கிறது' என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் மட்டும் சொல்லச் சொன்னேன். பொருளின் பெயரைச் சொல்லவே கூடாது. பண்டான் இலைக்கு 4, 7, 3 என்று வந்தது. பெலாச்சானுக்கு 10, 9, 6. கடைசியாகச் சொன்ன மாணவிக்குச் சளி. அதனால் அவள் எண்கள் எப்போதும் குறைவு. ஆனாலும் பாருங்கள், பலகையில் எழுதிய மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த முறை என்ன பொருள் என்று மற்ற மாணவர்கள் ஓரளவு சரியாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரில் யாரும் பெயரைச் சொல்லவில்லை. பெயர் எண்களின் வடிவத்தில் இருந்தது.

இதே எண்ணத்தில்தான் இயந்திர மூக்கும் பிறந்தது. 1982இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பர்சாட், ஜார்ஜ் டாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குறைகடத்தியால் ஆன மூன்றே மூன்று வளிம உணரிகளை வைத்து ஒரு மாதிரி மூக்கைச் செய்திருந்தார்கள். அந்த மூன்றில் எதுவும் குறிப்பிட்ட ஒரு மணத்துக்கென்று செய்யப்பட்டதில்லை. இருந்தாலும் மூன்றின் பதில்களையும் சேர்த்துப் பார்த்தபோது பலவகை மணங்களைப் பிரித்தறிய முடிந்தது. என் வகுப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற மூன்று பேர் நினைவுக்கு வருகிறார்களா?

சூடேறிய வெள்ளீயமும் உயிர்வளியும்

மின்மூக்கில் அதிகம் பயன்படும் உணரி வெள்ளீய ஆக்சைடால் ஆனது. இதன் செயல்முறை அழகானது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு சின்னச் சில்லில் வெள்ளீய ஆக்சைடைப் பூசி, அடியில் ஒரு சூடேற்றியை வைத்து, சில நூறு பாகை செல்சியசுக்குச் சூடாக்குகிறார்கள். சுற்றியுள்ள காற்றிலிருந்து உயிர்வளி வந்து அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. சும்மா ஒட்டவில்லை, வெள்ளீய ஆக்சைடிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் குறைந்ததால் மின்சாரம் பாய்வது கடினமாகிறது, அதாவது மின்தடை கூடுகிறது. இப்போது தேயிலையிலிருந்து எழும் மணப்பொருள் அங்கே வந்தால், ஒட்டியிருக்கும் உயிர்வளியோடு வினைபுரிந்து அதை அகற்றிவிடுகிறது. பிடிபட்ட எலக்ட்ரான்கள் விடுபட்டுத் திரும்புகின்றன. மின்தடை இறங்குகிறது. இறங்கியது எவ்வளவு என்பதுதான் உணரி நமக்குத் தரும் எண். உணரிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மணம் தெரியாது.

உணரிகளின் சேர்க்கைப் பொருளையும் சூட்டையும் சற்று மாற்றி மாற்றி வைத்தால், ஒவ்வொன்றும் ஒரே மணத்துக்கு வெவ்வேறு அளவில் பதில் தரும். அப்படி ஐந்தாறு உணரிகளை ஒரு சிறு அறைக்குள் வரிசையாக வைத்து, இலையின் மேலிருந்து காற்றை இழுத்து உள்ளே அனுப்புவார்கள். பிறகு நல்ல காற்றை அனுப்பி உணரிகளைத் துப்புரவாக்குவார்கள். நாம் பல மணங்களை மோந்து பார்க்கும்போது இடையில் வெளிக்காற்றைச் சுவாசிப்பது போல.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு மணத்தைப் பிரித்து 'இதில் லினலூல் இத்தனை, ஜெரானியால் இத்தனை' என்று சொல்லும் கருவி வேறு. அது மணத்தைப் பதம் பிரிக்கிறது. மின்மூக்கு பதம் பிரிப்பதில்லை. முழு வரியையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, 'இதை இதற்கு முன்பு கேட்டிருக்கிறேனா?' என்று மட்டும் பார்க்கிறது.

முன்பு கேட்டிருந்தால்தான். பையனின் கேள்வி இங்கேதான் சரியாக வந்து உட்காருகிறது.

சொல்லிக் கொடுத்தவர்கள்

தேயிலைக்கென்று மின்மூக்கைச் செய்ததில் குறிப்பிடத்தக்க வேலை கொல்கத்தாவில் நடந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் கொல்கத்தா மையமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தன. நபாருண் பட்டாச்சார்யா, ராஜீப் பந்தோபாத்யாய் முதலிய ஆய்வாளர்களின் கட்டுரைகள் 2007, 2008ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ஒரு கட்டுரை, தேயிலையைப் புளிக்க வைக்கும்போது மணம் எப்படி மாறுகிறது, எப்போது நிறுத்துவது என்பதைப் பற்றியது. தாத்தா நின்ற அதே இடத்தில் மின்மூக்கை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள்! இன்னொரு கட்டுரை, ஆயத்தமான தேயிலையை வகைப்படுத்துவது பற்றியது.

அந்த இரண்டாவது கட்டுரையில்தான் எனக்கு வேண்டிய பதில் கிடைத்தது. தேயிலைத் தொழிலில் தேநீர்ச் சுவைஞர் என்று ஒருவர் இருப்பார். வரிசையாக வைத்த கிண்ணங்களிலிருந்து கரண்டியால் அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு மதிப்பெண் போடுவார். சத்தம் வர உறிஞ்சுவது மரியாதைக் குறைவு இல்லை. காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். நாம் 'சுவை' என்று நினைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலைதான். சளி பிடித்தால் சோறு ருசிக்காததும் அதனால்தான்.

ஆய்வாளர்கள் ஒவ்வொரு தேயிலை மாதிரியையும் மின்மூக்குக்கும் கொடுத்தார்கள், சுவைஞருக்கும் கொடுத்தார்கள். உணரிகள் தந்த எண்களை ஒரு பக்கமும் சுவைஞர் போட்ட மதிப்பெண்ணை மறுபக்கமும் வைத்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணினிக்குப் பயிற்றுவித்தார்கள். நரம்பணு வலைப்பின்னல் என்ற கணினி முறை இதற்குப் பயன்பட்டது. கணினி முதலில் தப்பாகச் சொல்லும். சுவைஞரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். திரும்பத் திரும்பத் திருத்திக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகு, பார்த்தறியாத ஒரு மாதிரியைக் கொடுத்தால், அந்தச் சுவைஞர் என்ன மதிப்பெண் போட்டிருப்பார் என்று ஊகித்துச் சொல்லும்.

ஆக, மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு மனிதரின் மூக்கும் நாக்கும்தான். சுவைஞருக்குக் காட்டமான தேநீர் பிடிக்கும் என்றால் மெஷினுக்கும் அது பிடித்துவிடும். சுவைஞர் தப்பு செய்தால் மெஷினும் அதே தப்பைச் சலிக்காமல் செய்யும். இன்னும் ஒன்று: ஒரு தோட்டத்து இலைக்குப் பயிற்றுவித்ததை இன்னொரு தோட்டத்தில் அப்படியே வைத்தால் சரிவரும் என்று சொல்ல முடியாது. அசாம் இலை வேறு, கேமரன் மலை இலை வேறு. இங்கே ஒரு மின்மூக்கு வைக்க வேண்டுமென்றால், இங்குள்ள இலையை இத்தனை வருடம் மோந்து பார்த்த ஒருவர் அதன் பக்கத்தில் நின்று 'இப்ப இல்ல... இப்ப இல்ல... ஆங், இப்ப!' என்று சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். போகச் சொன்னதும் நாம்தானே. தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். தாத்தாவுக்கு மாமா சொல்லிக் கொடுத்தது போல, தாத்தா யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'இயந்திரம் வந்து மனிதனின் வேலையைப் பறித்துவிடும்' என்று கட்டுரைக்குக் கட்டுரை மாணவர்கள் எழுதுகிறார்கள். இங்கே நான் பார்ப்பது அதற்கு நேர்மாறான ஒரு சிக்கல். இயந்திரம் வரும்போது அதற்குப் பாடம் எடுக்க ஆள் இருக்க மாட்டார்.

மின்நாக்கும் நம்முடைய துவர்ப்பும்

தமிழாசிரியர்களுக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

மின்நாக்கு என்பது திரவத்தில் நனைத்து அளக்கும் உணரிகளின் தொகுப்பு. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் கியோஷி டோக்கோவும் அவருடைய குழுவினரும் 1990இல் இதற்கான ஒரு முறையை வெளியிட்டார்கள். நம் நாக்கின் உயிரணுக்களைச் சுற்றிக் கொழுப்புப் பொருளாலான சவ்வு இருக்கிறது அல்லவா? அதைப் போலச் செயற்கைச் சவ்வுகளைச் செய்து மின்முனைகளின் மேல் பொருத்தினார்கள். சுவைப்பொருள் சவ்வில் படும்போது மின்னழுத்தம் மாறுகிறது, அதை அளக்கிறார்கள். சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் வின்குவிஸ்ட் வேறு வழியில் போனார். தங்கம், பிளாட்டினம் போன்ற உலோக மின்முனைகளைத் திரவத்தில் நனைத்து, மின்துடிப்புகளைக் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று பார்த்தார். ஜாதவ்பூர் குழுவினர் தேநீருக்கு இந்த இரண்டாவது வகையைப் பின்பற்றினார்கள்.

அறிவியல் இன்று அடிப்படைச் சுவைகள் ஐந்து என்கிறது: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி. உமாமியை 1908இல் கண்டறிந்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இக்கேடா. நம் அறுசுவையில் உமாமி இல்லை. அதற்குப் பதிலாகக் கார்ப்பும் துவர்ப்பும் இருக்கின்றன. 'அப்படியானால் நம் முன்னோர் சொன்னது தப்பா டீச்சர்?' என்று மாணவர்கள் கேட்பார்கள். தப்பு, சரி என்று அவசரப்படாமல், இரண்டு பட்டியல்களும் எதை அளக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். மிளகாயின் காரத்தை நாக்கின் சுவைமொட்டுகள் உணர்வதில்லை. சூட்டையும் வலியையும் உணரும் ஏற்பிதான் உணர்கிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். துவர்ப்பும் அப்படித்தான். தேநீரிலுள்ள கேட்டெக்கினும் தியாஃபிளேவினும் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்துகொள்கின்றன. உமிழ்நீரின் வழவழப்பு போய் வாய் வறண்டு இழுத்துப் பிடித்தது போல் ஆகிறது. பெரும்பாலும் அது தொடுவுணர்வு. நம் முன்னோர் வாயில் உணர்ந்த எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார்கள். ஆய்வாளர்கள் சுவைமொட்டு உணர்வதை மட்டும் எண்ணுகிறார்கள்.

இதில் சுவையான செய்தி என்னவென்றால், ஐந்து சுவைகளோடு நிறுத்திக்கொண்டு ஒரு மின்நாக்கைச் செய்தால் அது தேநீருக்குப் பயன்படாது. துவர்ப்பு இல்லாத தேநீர் ஏது? டோக்கோவின் முறையில் துவர்ப்பை அளப்பதற்கென்றே தனிச் சவ்வு உண்டு. வாழைப்பூவையும் இளநெல்லிக்காயையும் தின்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் துவர்ப்பு என்ற சொல் தெரியாமல் 'ஒரு மாதிரியா இருக்கு' என்று சொல்வதுதான் எனக்கு வருத்தம்.

மணத்துக்கும் அப்படித்தான். நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் பொதுவாக மணத்தைக் குறித்தது. நல்ல மணத்துக்கும் அது வந்தது. இன்றைக்குக் கெட்ட வாடைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. 'நுகர்' என்ற வினையிலிருந்து நுகர்வோர் என்ற சொல் வந்து கடைக்காரரின் வாடிக்கையாளர் ஆகிவிட்டார். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும்போது உடலால் உணர்வதை முதலாவதாகவும், நாவை இரண்டாவதாகவும், மூக்கை மூன்றாவதாகவும், மனத்தை ஆறாவதாகவும் வைக்கிறது. மின்மூக்கைப் பற்றி எழுதும் மாணவர்கள் இந்த வரிசையைப் பயன்படுத்தலாம். உணரி மூன்றாவது அறிவைப் போலச் செய்கிறது. வடிவத்தைப் படித்துப் பெயர் சொல்லும் கணினிப் பகுதி ஆறாவதைப் போலச் செய்யப் பார்க்கிறது. 'பார்க்கிறது' என்றுதான் எழுத வேண்டும். என் மாணவி ஒருத்தி 'மின்மூக்கு தேநீரை ரசிக்கிறது' என்று எழுதியிருந்தாள். மொழிநடைக்கு மதிப்பெண் கொடுத்தேன், கருத்துக்குக் கொடுக்கவில்லை.

நம் நாட்டில்

மலேசியாவிலும் இந்த வேலை நடக்கிறது. பெர்லிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்மூக்கிலும் மின்நாக்கிலும் தொடர்ந்து ஈடுபட்டு வருகிறார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு செம்பனை மரங்களைப் பற்றியது. கானோடெர்மா என்ற பூஞ்சையால் வரும் அடித்தண்டு அழுகல் நோய், வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். மரத்தின் மணத்தை வைத்தே நோயை அறிய முடியுமா என்று மின்மூக்கால் பார்த்தார்கள். தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கருத்து விளக்கக் கட்டுரையில் 'தொழில்நுட்பம் வேளாண்மைக்கு உதவுகிறது' என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல், செம்பனை, தேன், தேயிலை என்று மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லிப் பாருங்கள். தேர்வுத்தாள் திருத்துபவர் அதே பொதுவான வரியை நூறு தாளில் படித்துக் களைத்திருப்பார்.

சொல்லாட்சியில் ஒரு சின்ன எச்சரிக்கை. 'உணரி' என்பது அளக்கும் கருவி. 'ஏற்பி' என்பது உடலில் உள்ள புரதம். இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். மின்மூக்கு, மின்னணு மூக்கு என்ற இரண்டும் சரிதான். ஒரு கட்டுரையில் ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது.

குறைகளையும் சொல்லாவிட்டால் விளக்கம் முழுமை பெறாது. வெள்ளீய ஆக்சைடு உணரி காலப்போக்கில் மெல்ல மெல்ல விலகும். ஆறு மாதத்துக்கு முன்பு சொன்ன எண்ணை இன்றைக்குச் சொல்லாது. அதனால் அடிக்கடி சரிபார்த்துத் திரும்பப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கும். சிலிகோன் கலந்த ஆவி பட்டால் உணரி கெட்டே போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். நீராவியும் உணரியின் மேற்பரப்பில் வேலை செய்வதால், மணம் மாறாமல் ஈரப்பதம் மட்டும் மாறினாலும் எண் மாறும். தேயிலை புளிக்கும் அறையோ எப்போதும் ஈரமாக இருக்கும் இடம்.

இதைப் படித்து முடித்த வாரக்கடைசியில் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். தாத்தாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. "ஐயா, கல்கத்தாவுல நீங்க பாத்த வேலைக்கு ஒரு மெஷின் செஞ்சிருக்காங்க" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கொல்கத்தா ஆட்கள் எத்தனை உணரி வைத்தார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை.

"அது சரி டீச்சரம்மா. மழ பேஞ்சி பனி எறங்குச்சின்னா அந்த மெஷினுக்கு மூக்கு அடைக்குமா?"

அடைக்கும் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, பனி நாளில் தான் என்ன செய்வார் என்று சொல்லத் தொடங்கினார். இலையை நேரே மோந்து பார்க்காமல், உள்ளங்கையில் வைத்து அழுத்தி, அந்தச் சூட்டில் எழுவதைத்தான் பார்ப்பாராம். பச்சை வாடை 'கழன்றதும்' ஒரு வெல்ல வாசம், அதற்கப்புறம் பழுத்த கொய்யா வாசம். கொய்யா வந்து 'நிற்கிறதுக்குள்ள' ஏற்றிவிட வேண்டுமாம். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தான். பதினேழு நிமிடம் பதிவாகியிருக்கிறது. அடுத்த மாத வாய்மொழிப் படைப்புக்கு அதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.